இந்த முகவரியைக் கொடுத்தது யார்? வலையமைப்பின் தானியங்கி அமைப்புகள் பிழைக்கும்போது அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறிதல்

வன்னியில் ஒரு பாடசாலைக் கணினி அறையிலோ கூட்டுறவுச் சங்க அலுவலகத்திலோ இணையம் நின்றுவிட்டால், முதலில் ரவுட்டரை அணைத்துவிட்டு மீண்டும் போட்டுப் பார்ப்பார்கள். சில வேளைகளில் அது பலன் தருகிறது. ஆனால் ஏன் பலன் தந்தது என்பது தெரியாமலே போவதால், அதே பிழை அடுத்த வாரமும் திரும்பி வருகிறது. முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றுக்கு வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒரு தொழில்நுட்பவியலாளர் வந்து சேர அரை நாள் கழிந்துவிடும் என்பதால், கணினி அறைக்குப் பொறுப்பான ஆசிரியரோ அலுவலக எழுதுவினைஞரோ பிழையைத் தாமே இனங்காணத் தெரிந்திருப்பது மிகவும் அவசியம். இவ்வாறான இடங்களின் வலையமைப்புகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் நான். "இணையம் வேலை செய்யவில்லை" என்று எனக்கு வரும் முறைப்பாடுகளில் கணிசமானவை இணைப்பின் பிழைகள் அல்ல. கருவிகள் தமக்குரிய முகவரியைப் பெறும் முறையிலுள்ள பிழைகள்.

ஒரு கருவி வலையமைப்பில் இயங்குவதற்கு நான்கு விபரங்கள் தேவை: அதன் ஐபி முகவரி, எந்த முகவரிகள் தன் சொந்த வலையமைப்பைச் சேர்ந்தவை என்பதைச் சொல்லும் உபவலை மறைப்பு, வெளியே செல்வதற்கான வாசலாகிய கேட்வேயின் முகவரி, பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையகத்தின் முகவரி. இவற்றைக் கையால் எழுதிவைக்கலாம். அல்லது டிஎச்சிபி என்னும் நெறிமுறையின் மூலம் ஒரு சேவையகம் கொடுக்கலாம். சிறிய வலையமைப்புகளில் ரவுட்டரே அந்தச் சேவையகமாக இருக்கும். ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிக்கு அடுத்து வந்த ஐபிவி6 ஆயின் ரவுட்டரின் அறிவிப்பைக் கேட்டுக் கருவி தானே தன் முகவரியை அமைத்துக்கொள்ளலாம். எவருமே எதையும் கொடுக்காதபோது கருவி தற்காலிகமாகத் தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொள்வதும் உண்டு. ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த முகவரியை இந்தக் கருவிக்குக் கொடுத்தது யார்? அதற்கு விடை தெரியும்வரை எந்த அமைப்பையும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வின்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து "ஐபிகொன்ஃபிக் /ஆல்" (ipconfig /all) என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தால், விபரங்கள் வரிவரியாக வரும். அவற்றுள் ஐபிவி4 முகவரி, டிஃபோல்ட் கேட்வே, டிஎச்சிபி சேர்வர், டிஎன்எஸ் சேர்வர்ஸ், குத்தகை (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் முகவரி கொடுக்கப்படுவது) பெறப்பட்ட நேரம், அது முடியும் நேரம் ஆகிய வரிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒழுங்காக வேலை செய்யும் ஒரு கணினியிலும் வேலை செய்யாத ஒரு கணினியிலும் இதைச் செய்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான், என் அனுபவத்தில், எந்தக் கருவியையும் விடப் பயனுள்ள சோதனை. கைத்தொலைபேசியில் வைஃபை அமைப்புக்குள் சென்று, இணைந்திருக்கும் வலையமைப்பின் பெயரைத் தொட்டால் முகவரியையும் கேட்வேயையும் காணலாம்.

அறிகுறி: முகவரி 169.254 என்று தொடங்குகிறது

இந்த முகவரியை எவரும் கொடுக்கவில்லை. கணினி டிஎச்சிபி சேவையகத்தைத் தேடிக் குரல் கொடுத்து, மறுமொழி எதுவும் வராததால் 169.254 என்ற முகவரித் தொகுதியிலிருந்து ஒன்றைத் தானே தெரிவுசெய்துகொண்டது. இந்த ஏற்பாடு 2005ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 3927 என்ற இணையத் தர ஆவணத்தில் முறைப்படுத்தப்பட்டது. இத்தகைய முகவரியுடன் ஒரே சுவிட்சில் (கணினிகளின் கேபிள்கள் வந்து சேரும் பெட்டியில்) இதே வகை முகவரியுடன் உள்ள இன்னொரு கணினியோடு பேசலாமே தவிர, வெளியே போக முடியாது. எனவே இங்கே இணையச் சேவை வழங்குநரை அழைத்து முறையிடுவதால் பயன் எதுவும் இல்லை. பிழை அறைக்குள்தான் இருக்கிறது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, இது ஒரு கணினியில் மட்டுமா, அனைத்திலுமா என்பதே. ஒன்றில் மட்டும் என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்; பிறகு சுவிட்சின் வேறொரு துவாரத்தில் செருகிப் பாருங்கள். ஒக்டோபர், நவம்பர் மாத இடிமின்னலுக்குப் பின்னர் வரும் முறைப்பாடுகளில் சுவிட்சின் ஓரிரு துவாரங்கள் மட்டும் பழுதாகியிருப்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். அவற்றில் சில, விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் தரவைக் கடத்துவதில்லை. ஆகையால் விளக்கு எரிவதை மட்டும் வைத்துத் துவாரம் நல்லது என்று முடிவு செய்யக் கூடாது. கட்டடத்திற்குக் கட்டடம் வெளியே இழுக்கப்பட்ட செப்புக் கேபிள் மின்னலை உள்ளே கொண்டுவரும் வழியாகவும் அமைந்துவிடுகிறது என்பதால், புதிதாக இணைப்பவர்கள் அத்தகைய தூரங்களுக்கு ஒளியிழையைத் தெரிவுசெய்வது நல்லது.

அனைத்துக் கணினிகளும் 169.254 ஆகிவிட்டன என்றால் டிஎச்சிபி சேவையகம் இயங்கவில்லை, அல்லது சேவையகத்தையும் சுவிட்சையும் இணைக்கும் அந்த ஒரு கேபிள் விட்டுப்போயிருக்கிறது. மின்தடைக்குப் பின்னர் மட்டும் இது நிகழ்ந்து, சில நிமிடங்களில் தானே சரியாகிவிடுகிறதா? அவ்வாறாயின் மின்சாரம் வந்ததும் கணினிகள் எழுந்துவிட, ரவுட்டர் எழுவதற்குப் பிந்தியிருக்கிறது. வின்டோஸ் ஏறத்தாழ ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை மீண்டும் சேவையகத்தைத் தேடும் என்பதால் காத்திருந்தாலே முகவரி கிடைத்துவிடும். காத்திருக்க இயலாதவர்கள் "ஐபிகொன்ஃபிக் /ரினியூ" (ipconfig /renew) என்ற கட்டளையைக் கொடுக்கலாம். ரவுட்டரையும் சுவிட்சையும் ஒரு சிறிய யுபிஎஸ் கருவியில் இணைப்பது நிரந்தரத் தீர்வு. அவை இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு.

முகாமைத்துவ வசதியுள்ள, அதாவது அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய, சுவிட்ச் பொருத்தப்பட்ட இடங்களில் இன்னொரு காரணமும் உண்டு. கேபிள்கள் வட்டமாக இணைந்து தரவு முடிவின்றிச் சுற்றுவதைத் தடுப்பதற்கான ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாட்டின் பழைய வடிவம், ஒரு துவாரத்தில் கேபிள் செருகப்பட்டதும் பதினைந்து நொடி கேட்டு, இன்னொரு பதினைந்து நொடி கற்று, அதன் பின்னரே தரவை அனுமதிக்கிறது. அந்த முப்பது நொடிக்குள் கணினி விடுத்த அழைப்புகள் எல்லாம் வீணாகிவிடுகின்றன. கணினிகள் இணையும் துவாரங்களை மட்டும் இந்தக் காத்திருப்பிலிருந்து விலக்கிவைக்கும் வசதி சுவிட்சிலேயே உண்டு.

அறிகுறி: முகவரி இருக்கிறது, ஆனால் அது நம்முடைய தொகுதியைச் சேர்ந்ததல்ல

இதையே நான் மிகவும் அபாயகரமான பிழையாகக் கருதுகிறேன், ஏனெனில் இதில் சில கணினிகள் வேலை செய்யும், சில வேலை செய்யா. இன்று வேலை செய்தது நாளை செய்யாது. மல்லாவிப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் ஒரு முழு நாளை இதற்காகச் செலவிட்டேன். முப்பது கணினிகளில் பதினொன்றில் மட்டும் இணையம் வந்தது. கேபிள்களையும் சுவிட்சையும் ஒவ்வொன்றாகச் சோதித்து மாலை நான்கு மணிக்குத்தான், வேலை செய்யாத கணினிகளின் கேட்வே 192.168.0.1 என்றும் வேலை செய்யும் கணினிகளின் கேட்வே 192.168.1.1 என்றும் இருப்பதைக் கவனித்தேன். ஆசிரியர் ஓய்வறையில் வைஃபை எட்டவில்லை என்று எவரோ நல்லெண்ணத்துடன் வீட்டிலிருந்த பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சுவர்த் துவாரத்தில் இணைத்திருந்தார். அதற்குள் இருந்த டிஎச்சிபி சேவையகமும் தன் பங்குக்கு எல்லோருக்கும் முகவரி வழங்கத் தொடங்கியிருந்தது. காலையில் முதலாவதாக அந்த ஒரு தாளை எழுதியிருந்தால் பத்து நிமிடங்களில் முடிந்திருக்கும் வேலை அது.

இது ஏன் நிகழ்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, டிஎச்சிபியின் நான்கு படிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். முகவரி இல்லாத கருவி "இங்கே சேவையகம் யாரும் உண்டா" என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி அழைக்கிறது, அதைக் கேட்ட சேவையகம் ஒரு முகவரியை முன்மொழிகிறது, கருவி "அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று வேண்டுகிறது, சேவையகம் உறுதிசெய்கிறது. அழைப்பு எல்லோருக்கும் கேட்பதால், இரண்டு சேவையகங்கள் இருந்தால் இரண்டும் மறுமொழி கூறும். கருவிகள் பொதுவாக முதலில் வந்த முன்மொழிவையே ஏற்கின்றன. எது உண்மையான சேவையகம் என்று பிரித்தறியும் வழி எதுவும் 1997ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2131 வரையறுத்த அடிப்படை நெறிமுறையில் கருவியிடம் இல்லை. குளத்தின் கீழ் வயல் செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: துருசைத் திறக்கும் அதிகாரம் இருவர் கையில் இருந்தால் எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று எவராலும் சொல்ல முடியாது.

கண்டுபிடிக்கும் முறை இதுதான். பாதிக்கப்பட்ட கணினியில் டிஎச்சிபி சேர்வர் என்ற வரியில் உள்ள முகவரியை எடுங்கள். "ஏஆர்பி -ஏ" (arp -a) என்ற கட்டளை அந்த முகவரிக்குரிய மேக் எண்ணை, அதாவது கருவியின் வன்பொருள் எண்ணை, காட்டும். அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பெரும்பாலும் கருவியை உற்பத்தி செய்த நிறுவனத்தைக் குறிப்பவை என்பதால், எந்த வகைப் பெட்டியைத் தேடுகிறோம் என்பது ஓரளவு தெரிந்துவிடும். முகாமைத்துவச் சுவிட்ச் இருந்தால் அந்த மேக் எண் எந்தத் துவாரத்தில் இருக்கிறது என்பதை அதுவே சொல்லும். சாதாரணச் சுவிட்ச் என்றால், ஒரு கணினியில் அந்த முகவரியைத் தொடர்ந்து பிங் செய்துகொண்டே, அதாவது மறுமொழி வருகிறதா என்று கேட்டுக்கொண்டே, கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எந்தக் கேபிளைக் கழற்றியதும் மறுமொழி நிற்கிறதோ, அதன் மறுமுனையில் பெட்டி இருக்கிறது. கேட்வே 192.168.137.1 எனக் கண்டால் ரவுட்டரைத் தேட வேண்டாம்: யாரோ ஒருவரின் வின்டோஸ் கணினியில் இணையப் பகிர்வு வசதி திறந்துவிடப்பட்டிருக்கிறது. தொலைபேசியிலோ மடிக்கணினியிலோ 172.20.10 எனத் தொடங்கும் முகவரியைக் கண்டால் அது பாடசாலை வைஃபையில் இல்லை, எவரோ ஒருவரின் ஐபோன் ஹொட்ஸ்பொட்டில் இணைந்திருக்கிறது.

அந்தப் பழைய ரவுட்டரைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அதன் டிஎச்சிபி சேவையை நிறுத்தி, அதற்கு நம் தொகுதிக்குள் வேறெவரும் பயன்படுத்தாத ஒரு முகவரியைக் கொடுத்து, இணையத்திற்கான துவாரத்தை விட்டுவிட்டு மற்றைய சாதாரணத் துவாரங்களில் ஒன்றில் கேபிளைச் செருகினால், அது வைஃபையை நீட்டிக்கும் வேலையை மட்டும் செய்யும். முகாமைத்துவச் சுவிட்ச் உள்ளவர்கள் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதியைச் செயற்படுத்தி, முகவரி வழங்கும் உரிமையை ஒரேயொரு துவாரத்திற்கு மட்டும் கொடுத்துவிடலாம். அதன் பிறகு எவர் எதைக் கொண்டுவந்து செருகினாலும் அதன் முன்மொழிவு சுவிட்சிலேயே தடுக்கப்படும்.

இங்கே ஒரு முன்னெச்சரிக்கையைப் பரிந்துரைக்கிறேன். தொழிற்சாலையிலிருந்து வரும் ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்ற தொகுதியுடனேயே வருகின்றன. உங்கள் வலையமைப்பை முதன்முதலில் அமைக்கும்போதே 192.168.10 அல்லது 192.168.47 போன்ற வேறொரு தொகுதியைத் தெரிவுசெய்துவிட்டால், அந்நியப் பெட்டி ஒன்று நுழைந்த கணமே முகவரியைப் பார்த்த அளவில் தெரிந்துவிடும். இரண்டும் ஒரே தொகுதியாக இருந்தால் பிழை மறைந்தே கிடக்கும்.

அறிகுறி: "ஐபி முகவரி முரண்படுகிறது" என்ற எச்சரிக்கை

இரண்டு கருவிகள் ஒரே முகவரியை வைத்திருக்கின்றன. இதற்கு இரண்டு காரணங்களே பெரும்பாலும் இருக்கும்.

முதலாவது, கையால் எழுதப்பட்ட முகவரி. அச்சுப்பொறிக்கோ கண்காணிப்புக் கமராப் பெட்டிக்கோ முகவரியை நிலையாக வைக்க விரும்பிய ஒருவர், அது அப்போது தானாகப் பெற்றிருந்த 192.168.10.105 என்பதையே கையால் எழுதி வைத்துவிடுகிறார். அந்த எண்ணோ சேவையகம் பங்கிடும் தொகுதிக்குள் இருக்கிறது. கமராப் பெட்டி ஒரு நாள் அணைந்திருந்த வேளையில் சேவையகம் அந்த எண்ணை ஒரு தொலைபேசிக்குக் கொடுத்துவிட, பெட்டி எழுந்ததும் மோதல் தொடங்குகிறது.

இரண்டாவது காரணம் மின்தடையோடு தொடர்புடையது. மலிவான பல ரவுட்டர்கள் யாருக்கு எந்த முகவரியைக் கொடுத்தோம் என்ற பட்டியலை நினைவகத்தில் மட்டும் வைத்திருப்பதால், மின்சாரம் போனதும் அந்தப் பட்டியல் அழிந்துவிடுகிறது. மடிக்கணினிகளும் தொலைபேசிகளுமோ மின்கலத்தில் இயங்குவதால், தம் குத்தகை இன்னும் முடியவில்லை என்று பழைய முகவரியையே வைத்திருக்கின்றன. மீண்டெழுந்த ரவுட்டர் வெறும் பட்டியலுடன் முதல் எண்ணிலிருந்து பங்கிடத் தொடங்குகிறது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் இந்த எச்சரிக்கையைப் பற்றிய அழைப்புகள் எனக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. கொடுப்பதற்கு முன் அந்த எண்ணை யாரும் பயன்படுத்துகிறார்களா என்று பிங் செய்து பார்க்கும் சேவையகங்களும் உண்டு. ஆனால் தொலைபேசி உறக்கநிலையில் இருந்து மறுமொழி கூறாவிட்டால் அந்தச் சோதனையும் ஏமாந்துபோகும். உடனடித் தீர்வு, பாதிக்கப்பட்ட கருவியின் வைஃபையை அணைத்துப் போடுவது. நீடித்த தீர்வு, ரவுட்டருக்கு யுபிஎஸ் வைப்பதும் குத்தகைப் பட்டியலைச் சேமித்துவைக்கும் ரவுட்டரைத் தெரிவுசெய்வதும் ஆகும்.

எதற்கு எந்த முறை என்ற தெரிவு இங்கேதான் முக்கியமாகிறது. என் பரிந்துரை, கையால் எழுதும் முகவரியை ரவுட்டர், சேவையகம், சுவிட்ச், வைஃபைப் பெட்டி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது. ஏனெனில் டிஎச்சிபி இயங்காத நேரத்திலும் நாம் அணுக வேண்டியவை அவையே. அச்சுப்பொறி, கமராப் பெட்டி, விரல் அடையாள வரவுப்பதிவுக் கருவி ஆகியவற்றுக்கு நிலையான எண் தேவை, ஆனால் அதைக் கருவியில் எழுதாமல் சேவையகத்தில் எழுத வேண்டும். "இந்த மேக் எண்ணுடைய கருவிக்கு எப்போதும் இந்த முகவரி" என்று சேவையகத்தில் பதிவதே முகவரி ஒதுக்கீடு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இதற்கென ஓர் இடம் இருக்கும். இதனால் கருவி எப்போதும் ஒரே எண்ணைப் பெறும்; அதேவேளை பின்னர் டிஎன்எஸ் முகவரியையோ கேட்வேயையோ மாற்ற நேர்ந்தால் ஒவ்வொரு கருவியாகப் போய் மாற்றும் வேலையும் இராது. மற்றவை அனைத்தும், அதாவது மாணவர் கணினிகளும் மடிக்கணினிகளும் தொலைபேசிகளும், தொகுதியிலிருந்து வருவதை எடுத்துக்கொள்ளட்டும்.

எண்களைப் பிரிப்பதற்கு ஒரு மாதிரி: 192.168.10.1 ரவுட்டர், 2 முதல் 19 வரை கையால் எழுதுபவை, 20 முதல் 59 வரை ஒதுக்கீடுகள், 100 முதல் 249 வரை, அதாவது 150 முகவரிகள், பங்கிடும் தொகுதி. சில ரவுட்டர்கள் ஒதுக்கீட்டு எண்ணும் தொகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும். அப்படியே கொடுத்தாலும் பாதகமில்லை, ஒதுக்கப்பட்ட எண்ணைச் சேவையகம் வேறெவருக்கும் கொடுக்காது. இந்தப் பிரிப்பை ஒரு தாளில் எழுதிச் சுவிட்ச் இருக்கும் பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பொறுப்பாசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் அவருக்கு அடுத்து வருபவருக்கு அந்தத் தாளைத் தவிர வேறு வழிகாட்டி இராது.

அறிகுறி: காலையில் எல்லோருக்கும் கிடைத்தது, பிற்பகலில் புதிதாக இணைபவர்களுக்குக் கிடைக்கவில்லை

வைஃபை இணைவதுபோல் தோன்றி "ஐபி முகவரி பெறப்படுகிறது" என்ற வரியிலேயே நின்றுவிடும். ஏற்கெனவே இணைந்திருப்பவர்களுக்கு ஒரு குறையும் இராது. பங்கிடும் தொகுதியிலுள்ள முகவரிகள் தீர்ந்துவிட்டன.

கணக்கு இலகுவானது. மேலே சொன்ன 150 முகவரிகளில் பாடசாலையின் சொந்தக் கருவிகளும் ஆசிரியர்களின் தொலைபேசிகளுமாக 60 போய்விட, எஞ்சுவது 90. பெற்றோர் சந்திப்பு நாளொன்றில் வந்தவர்களுக்கு வைஃபை கடவுச்சொல் தெரிந்துவிட்டால் நூறு தொலைபேசிகள் இணைவது பெரிய காரியமல்ல. தொலைபேசி வளவை விட்டு வெளியேறும்போது முகவரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. குத்தகைக் காலம் முடியும்வரை அந்த எண் அதன் பெயரிலேயே கிடக்கும். வீட்டு ரவுட்டர்களில் அது பெரும்பாலும் 24 மணித்தியாலம். வின்டோஸ் சேவையகத்தில் இயல்பு நிலையில் எட்டு நாள். போகம் முடிந்தும் குத்தகைக்காரர் வயலை விடாமல் வைத்திருப்பது போன்ற நிலை இது.

குத்தகைக் காலத்தைத் தெரிவுசெய்யும்போது, கருவி பாதிக் காலம் கழிந்ததுமே புதுப்பிக்க முயலும் என்பதையும், அதற்கு மறுமொழி வராவிட்டால் 87.5 சதவீதம் கழிந்ததும் எந்தச் சேவையகத்திடமாவது கேட்கத் தொடங்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். எட்டு மணித்தியாலக் குத்தகை என்றால், ரவுட்டர் மூன்று மணித்தியாலம் அணைந்திருந்தாலும் அந்த நேரத்தில் எந்தக் கருவியின் முகவரியும் காலாவதியாகிவிடாது. ஒரு மணித்தியாலக் குத்தகை என்றால் எல்லாமே காலாவதியாகிவிடும். ஆகவே மின்தடை உள்ள இடத்தில் மேசைக் கணினிகளுக்கு நீண்ட குத்தகையும், வந்துபோகிறவர்களின் வைஃபைக்கு ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலக் குத்தகையும் பொருத்தமானவை. இரண்டையும் தனித்தனி வலையமைப்பாகப் பிரிக்க முடிந்தால் மிக நல்லது. முடியாவிட்டால் நான் பொதுவாக எட்டு மணித்தியாலத்தைத் தெரிவுசெய்கிறேன்.

தொகுதியைப் பெரிதாக்குவது மற்றொரு வழி. உபவலை மறைப்பை 255.255.255.0 என்பதிலிருந்து 255.255.254.0 என்று மாற்றினால் 254க்குப் பதிலாக 510 முகவரிகள் கிடைக்கும். ஆனால் கையால் எழுதப்பட்ட கருவிகள் அனைத்திலும் மறைப்பையும் மாற்ற வேண்டும் என்பதை மறந்துவிட்டு, "புதிய கணினிகளால் மட்டும் சேவையகத்தை அணுக முடியவில்லை" என்ற இன்னொரு பிழையை உருவாக்கிக்கொண்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

தொலைபேசிகளின் மேக் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 10, 2020இல் வெளிவந்த ஐஓஎஸ் 14 முதல், தொலைபேசிகள் தம் உண்மையான மேக் எண்ணை மறைத்து ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைவெண்ணைக் காட்டுகின்றன. தனிமனிதரின் நடமாட்டம் பின்தொடரப்படாமல் இருப்பதற்கான நல்ல ஏற்பாடு அது. ஆயினும் அதிபரின் தொலைபேசிக்கு ஒதுக்கீடு செய்ய விரும்புபவர், பெட்டியில் அச்சிடப்பட்ட எண்ணை எழுதினால் அது வேலை செய்யாது. அந்த வைஃபைக்குத் தொலைபேசி தற்போது காட்டும் எண்ணையே எழுத வேண்டும்.

அறிகுறி: முகவரி சரி, கேட்வே சரி, ஆனால் இணையத்தளம் எதுவும் திறக்கவில்லை

"பிங் 8.8.8.8" (ping 8.8.8.8) என்று கொடுத்துப் பாருங்கள்; அது கூகுளின் பொது டிஎன்எஸ் சேவையகத்தின் முகவரி. மறுமொழி வந்தால் இணைப்பு இருக்கிறது. பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்தான் பிழைத்திருக்கிறது. ஒரு கணினியில் மட்டும் இவ்வாறாயின், எவரோ ஒருவர் முன்பொருநாள் அதில் டிஎன்எஸ் முகவரியை மட்டும் கையால் எழுதிவிட்டுப் போயிருப்பார். தானாகப் பெறும்படி மாற்றிவிடுங்கள். எல்லாவற்றிலும் என்றால் டிஎச்சிபி சேவையகம் வழங்கும் விபரத்தையே திருத்த வேண்டும்: கேட்வே அதன் 3ஆம் விருப்பத் தெரிவிலும் டிஎன்எஸ் 6ஆம் விருப்பத் தெரிவிலும் இருக்கும். திருத்தியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கருவிகள் தம் குத்தகையைப் புதுப்பிக்கும்போதே புதிய விபரத்தைப் பெறும் என்பதால், உடனடியாக வேண்டுமானால் ஒவ்வொன்றிலும் "/ரினியூ" கொடுக்க வேண்டும். இதை அறிந்தவர்கள், பெரிய மாற்றம் ஒன்றைச் செய்வதற்கு முந்திய நாளே குத்தகைக் காலத்தை ஒரு மணித்தியாலமாகக் குறைத்து வைத்துவிடுவார்கள்.

அறிகுறி: தொலைபேசியில் ஒரு விதமாகவும் கணினியில் வேறு விதமாகவும் நடக்கிறது

ஐபிவி4 பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் பிழை நீங்காவிட்டால் ஐபிவி6 பக்கத்தைப் பார்க்க வேண்டும். எஃப்இ80 என்று தொடங்கும் முகவரி எல்லாக் கருவிகளிலும் இருக்கும். அது கருவி தானே அமைத்துக்கொண்டது, அதனால் பிழை ஒன்றும் இல்லை. அதற்கு மேலாக வேறொரு ஐபிவி6 முகவரி இருக்கிறதா என்பதே கேள்வி.

ஐபிவி6இல் ரவுட்டர் தன்னைப் பற்றிய அறிவிப்பை அவ்வப்போது வெளியிடுகிறது. அதிலுள்ள கொடிகள் எனப்படும் சிறு குறியீடுகள், முகவரியைக் கருவிகள் தாமே அமைத்துக்கொள்ளலாமா, அல்லது டிஎச்சிபிவி6 சேவையகத்திடம் கேட்டுப் பெற வேண்டுமா, அல்லது முகவரியைத் தாமே அமைத்துக்கொண்டு டிஎன்எஸ் போன்ற மற்ற விபரங்களை மட்டும் கேட்க வேண்டுமா என்பதைத் தெரிவிக்கின்றன. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இவை மூன்று தெரிவுகளாகக் காட்டப்படும். ஐபிவி4இல் பழகியவர்கள், சேவையகமே முகவரி கொடுக்கும் தெரிவை இயல்பாகவே விரும்புவார்கள். ஆனால் அன்ட்ரொயிட் தொலைபேசிகள் டிஎச்சிபிவி6 சேவையகத்திடமிருந்து தனி முகவரி பெறும் முறையை நீண்ட காலமாகவே ஏற்காதிருப்பதால், அந்தத் தெரிவில் கணினிகளுக்கு ஐபிவி6 கிடைக்கும், தொலைபேசிகளுக்குக் கிடைக்காது. எனவே கருவி தானே முகவரி அமைத்துக்கொள்ளும் முறையையும், டிஎன்எஸ் விபரத்தை ரவுட்டர் அறிவிப்பிலேயே சேர்த்துவிடும் வசதியையும் தெரிவுசெய்வதே பாடசாலைக்கும் சிறு அலுவலகத்துக்கும் ஏற்றது. டிஎச்சிபிவி6 கேட்வேயைக் கொடுப்பதே இல்லை, அது எப்போதும் ரவுட்டர் அறிவிப்பிலிருந்துதான் வருகிறது என்பதால், அறிவிப்பை நிறுத்திவிட்டுச் சேவையகத்தை மட்டும் வைத்திருக்கவும் முடியாது.

இதில் ஆசிரியர்கள் அக்கறையோடு கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குத் தகாத தளங்களைத் தடுக்கும் டிஎன்எஸ் சேவையகம் ஒன்றை டிஎச்சிபியில் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்போம். ஆனால் ரவுட்டர் தன் ஐபிவி6 அறிவிப்பில் சேவை வழங்குநரின் டிஎன்எஸ் முகவரியைக் கொடுத்துக்கொண்டிருந்தால், கணினிகள் அந்த வழியாகக் கேட்டுத் தடுப்பைக் கடந்துவிடும். "ஐபிகொன்ஃபிக் /ஆல்" கட்டளையின் டிஎன்எஸ் வரியில் நாம் எழுதாத நீண்ட ஐபிவி6 முகவரி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தடுப்புச் சேவையின் ஐபிவி6 முகவரியை ரவுட்டரின் ஐபிவி6 பக்கத்திலும் எழுதுவதே திருத்தம்.

திருத்தம் முடிந்த பின்னர்

ஒரு கணினியில் மட்டும் "ஐபிகொன்ஃபிக் /ரிலீஸ்" (ipconfig /release), பிறகு "/ரினியூ" கொடுத்து, காலையில் எழுதிய தாளோடு வரிகளை ஒப்பிடுங்கள். டிஎச்சிபி சேர்வர் என்ற வரியில் நம் ரவுட்டரின் முகவரி மட்டுமே இருக்க வேண்டும். அதன் பிறகு, வகுப்பு இல்லாத ஒரு பிற்பகலில், கட்டடத்தின் பிரதான ஆளியை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எந்தக் கருவிகள் தாமாகவே சரியான முகவரியுடன் திரும்பி வருகின்றன, எவை வரவில்லை, அச்சுப்பொறி பழைய எண்ணிலேயே எழுந்ததா என்பதைக் கதவில் ஒட்டிய தாளை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வராத கருவியின் முகவரியை எடுத்து, மேலே உள்ள அறிகுறிகளில் அது எதைச் சேர்ந்தது என்று மீண்டும் பார்க்க வேண்டும்.